மூலை கறுத்த கார்டு

அது முப்பத்தேழாம் வருஷமா, முப்பத்தெட்டா, ஐப்பசியா, கார்த்திகையா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. யார் முதலில் பேசினார்கள் என்பதைக்கூட நான் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். அரிமளத்தில் ஆறு நாளாக மழை விடவில்லை என்பது மட்டும் சரி.

சிவசாமி வாசல் கதவைப் பாதிதான் திறந்தார். மழைக்காலத்தில் நனைந்தவர் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; இருபது வருஷமாகச் சேர்த்த தபால்தலைகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

பெட்டிக்குள் நாலு மூலையிலும் சுட்ட சுண்ணாம்புக் கல்லும் வசம்பும் துணியில் முடிந்து கிடக்கும். ஏதாவது ஒரு தபால்தலையில் பூசணம் கண்டால் அதை மட்டும் எடுத்து வேறு டப்பாவில் போட்டுவிடுவார். பூத்த தாள் ஒன்று உள்ளே இருந்தால் போதும், பெட்டி முழுவதும் போய்விடும் என்பார்.

வெளியே பிச்சையம்மாளும் அவள் மருமகள் அமராவதியும் நின்றிருந்தார்கள். அமராவதி நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை ஒரு அதிர்ச்சியும் கூடாது, மீறினால் இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

அமராவதியின் கையில் பினாங்கிலிருந்து வந்த தபால் கார்டு இருந்தது. அதன் ஒரு மூலை கறுத்திருந்தது.

சாவுச் செய்தி எழுதும் கார்டில்தான் மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவது வழக்கம். எப்போதும் நின்று படித்துச் சொல்லும் தபால்காரர், இன்று அமராவதி கையில் கார்டைக் கொடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாராம்.

அவள் புருஷன் நாகராசு பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய் எட்டு மாதமாகிறது. பிச்சையம்மாளுக்கு அவன் ஒரே பிள்ளை.

கூரைத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அமராவதி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பிச்சையம்மாள் கார்டை வாங்கி நீட்டினாள்; அவள் கண் சிவசாமியின் முகத்தை விட்டு நகரவில்லை.

"ஈரத்துல பூத்திருக்குமோங்க ஐயா? கப்பல்ல வந்த காயிதம். பூசணம் புடிச்சாலும் இப்படித்தான் கறுக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க."

சிவசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் ஆகியிருக்கும்.

"பூசணந்தான்" என்றார்.

அமராவதி நம்பவில்லை. "பூசணம்னா தபால்காரரு ஏன் படிக்காமப் போனாரு?"

"ஒன்னைய மாதிரித்தான் ஆத்தா. மூலையப் பாத்தான், பயந்துட்டான். அவன் கண்ணுக்குக் கறுத்ததெல்லாம் மைதான்."

பிறகு அவர் வாசித்துக் காட்டினார். நாகராசு சௌக்கியம். காலில் இருந்த புண் ஆறிவிட்டது. லீவு கிடைத்தால் பங்குனியில் வருவான். ஆண் பிறந்தால் ஐயனார் பெயரை வைக்க வேண்டும், பெண் என்றால் அமராவதி இஷ்டம். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள் அமராவதி. சிவசாமி படித்தார்.

அவள் ஈரச் சேலையோடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், அழுதாள். சிவசாமி அவளைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கார்டைக் கேட்டுக் கை நீட்டினாள்.

"தாள் ஊறிப்போச்சு ஆத்தா. ஒங்க கூரை ஒழுகுற வீட்டுல வச்சா எழுத்தெல்லாம் கலைஞ்சிரும். இங்கிட்டே இருக்கட்டும், காஞ்சதும் நானே தாரேன்."

தகரப் பெட்டியைத் திறந்தார். தபால்தலைகள் ஒட்டிய நோட்டுகளுக்கு நடுவில் கார்டைச் செருகி, ஈரக்காற்று நுழையுமுன் மூடிவிட்டார்.

நேரமாகிறது, போய்ச் சோறு சாப்பிடு என்றாள் பிச்சையம்மாள் மருமகளிடம். வழுக்கும், பார்த்து நட என்றாள். அமராவதி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிச்சையம்மாள் வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். பிறகு படியிறங்கினாள்.

"நான் ஊருணியில தலை முழுகிட்டுப் போறேங்க. அவ கேட்டா, மழையில நனைஞ்சேன்னு சொல்லிக்கிறேன்."