புதுக் கம்பளத்தின் தேய்மானம்

மாணவர்கள் விரும்பியபடி நகர்த்திக்கொள்ளட்டும் என்றுதான், பல்கலைக்கழகத்தின் புதிய படிப்பறையை வடிவமைத்தவள் நாற்காலிகளுக்கெல்லாம் சக்கரம் வைத்தாள். ஒரு மாதத்தில் அறை நிரம்பாவிட்டால் பழைய பெஞ்சுகளே திரும்பும் என்று பதிவாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

திறப்புக்கு முந்தைய நாள் காலை, தச்சர் அவள் முன்னால் உறையைப் பிரித்துக் கம்பளத்தை விரித்தார். புதுவாசனை குப்பென்று எழுந்தது. கம்பளத்திலோ, பல்லாண்டு நடந்து தேய்ந்த தடங்கள் இருந்தன.

"எவனோ நடந்து கழிச்சதை நம்ம தலையில கட்டிட்டான், மேடம்."

"நடந்தவங்க நம்ம தூணைச் சுத்தித்தானே நடந்திருக்காங்க, அண்ணே?"

தச்சர் தூணைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார்.

தடங்கள் தூணைப் பிசகாமல் சுற்றி வளைந்து, சன்னலோரம் கூடிப் பிரிந்தன. ஒன்று மட்டும் கதவே இல்லாத வடக்குச் சுவர்வரை நேராகச் சென்றது. அதன் குறுக்கே நின்ற வெண்பலகையை அவள் தன் கையாலேயே நகர்த்தி வழிவிட்டாள்.

மறுநாள் அறை நிரம்பி வழிந்தது. ஒருவர் காலும் தடம் விலகவில்லை.

"பழைய பெஞ்செல்லாம் இனி விறகுக்குத்தாம்மா," என்று பதிவாளர் சிரித்தார்.

அவள் காதில் அது விழவில்லை. புத்தகங்களை அணைத்தபடி ஒரு மாணவி வடக்குச் சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். சுவருக்கு ஓரடியே மிச்சமிருந்தபோதும் அந்த மாணவியின் நடை தளரவில்லை.