பதுங்கியிருப்பது

"அவ உடம்புலேருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக் கூடாதுங்க!"

அரியலூரில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் அமலோற்பவமேரிக்குக் கோபம் வந்தது. எதிரே கிருஷ்ணம்மாள், முழங்கால்கள் இரண்டும் வீங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தடுத்தவர் அவள் கணவர், மிராசுதார் காசிநாதன்.

"போன மாசம் வந்த தொண்டைப் புண் ஆறிடுச்சு. ஆனா அந்தக் கிருமி உள்ளே பதுங்கியிருக்கலாம். பதுங்கியிருந்தா ரத்தம் காட்டிக் கொடுத்துடும். கவனிக்காம விட்டா இருதயம் கெட்டுப் போகும்."

"எவ்வளவு பதுங்கியிருக்குன்னும் தெரியுமா?"

"அளவோட தெரியும். சென்னையில கவர்மெண்டு ஆய்வுக்கூடத்துல பார்த்துச் சொல்லுவாங்க."

"கவர்மெண்டா?"

காசிநாதனுக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்க எழுந்து போனதும், மனைவியின் காதருகே குனிந்தார்.

அது 1944, யுத்த காலம். ஊரே கஞ்சிக்குத் தவித்துக்கொண்டிருந்தது; நெல்லைப் பதுக்கினால் சிறை.

"ஒரே நெல்லைத்தானடி ரெண்டு பேரும் திங்கறோம்? நம்ம பத்தாயத்துல பதுக்கினது ஒன் ரத்தத்துல தெரிஞ்சிடுச்சுன்னா?"

கிருஷ்ணம்மாள் சிரிக்கவில்லை.

"தெரியத்தானே செய்யும்? நான் செத்தாலும் பரவாயில்லீங்க. நீங்க செயிலுக்குப் போகக் கூடாது. வாங்க, வூட்டுக்குப் போவோம்."

"வாயை மூடுடி! நீ செத்துட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்றார் காசிநாதன்.

மறுநாள் காலை, ஊர்க் கஞ்சித் தொட்டிக்கு வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கியது. அனுப்பியவர் பெயரை வண்டிக்காரர்கள் சொல்லவில்லை.

பிற்பகலில் காசிநாதன் மனைவியை அழைத்து வந்தார்.

"இப்ப எடுங்க டாக்டரம்மா. ரத்தம் சுத்தமாயிடுச்சு."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எடுத்தார்.

சில நாட்களில் சென்னையிலிருந்து முடிவு வந்தது.

"நான் நெனைச்சது சரி. கிருமி வந்த தடம் ரத்தத்துல நல்லாத் தெரியுது. நல்ல வேளை, இருதயத்துக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை. மருந்து தரேன். நடமாடாம படுத்திருக்கணும்."

"வேற ஒண்ணும் தெரியலீங்களே? நெல்லு கில்லுன்னு..."

"என்ன நெல்லு?"

"ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க!"

துள்ளாத குறையாக, வண்டியைப் பூட்டச் சொல்ல அவர் வெளியே ஓடினார்.

கிருஷ்ணம்மாள் கையை மறுபடியும் மேசைமேல் நீட்டினாள்.

"இன்னொரு தடவை எடுக்கணும்னு அவருகிட்ட சொல்லுங்க டாக்டரம்மா. எங்க பூலாம்பாடி வூட்டுல இன்னும் நெறைய நெல்லு கெடக்கு."