ஏழாம் அறையின் ஜன்னல்

"ஏழாம் நம்பர் வேணாம் சேர். பள்ளத்தாக்குப் பக்கம் நல்ல அறை ஒண்ணு இருக்கு, தாறேன்."

மேனேஜர் புவனேந்திரன் சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். எதிரே நின்ற இளைஞன் தலையை மட்டும் அசைத்தான்.

"ஏழுதான் வேணும்."

புவனேந்திரன் அவனை மேலும் கீழும் பார்த்தார். கொழும்பு டூர் கம்பெனி ஆள்தான், சந்தேகமே இல்லை. 'அடுத்த கிழமை ஏர்போர்ட்டிலிருந்து முதல் பஸ் வருது. அதுக்கு முன்னாடி எங்க ஆள் ஒருத்தர் சொல்லாமக் கொள்ளாம வந்து பார்ப்பார்' என்று நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தார்கள்.

கொரோனா ஓய்ந்து, கட்டுநாயக்காவில் விமானங்கள் மறுபடியும் இறங்கத் தொடங்கியிருந்தன. சுற்றுலா ஊரான எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு நிற்க இடமில்லை. லுணுகலைப் பாதையில் இருக்கும் இந்தப் பழைய துரை பங்களா ஹோட்டலுக்கு மட்டும் ஒருவரும் ஏறி வரவில்லை.

இந்த பஸ்ஸும் வராவிட்டால் கதவைச் சாத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். கூடவே ஒரு கட்டளை. கொரோனா நேரம் இங்கே நோயாளிகளை அடைத்து வைத்திருந்தது வெளியே தெரியவே கூடாது.

ஏழாம் அறையில் றமீலா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "இங்கயா? இதுல பல்லி கூடத் தங்காதே சேர்."

"உன் வாயக் கொஞ்சம் பூட்டு புள்ள" என்று புவனேந்திரன் பல்லைக் கடித்தார்.

இளைஞன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான். தரை சுத்தமா என்று காலால் பார்க்கிறான், விவரமான ஆள்தான் என்று புவனேந்திரன் நினைத்துக்கொண்டார்.

"கட்டில் எப்பவும் இந்தப் பக்கந்தானா?"

"ஆமாங்க. மாத்தினதே இல்ல."

"கொரோனா நேரமும்?"

"அப்ப... அப்ப பூட்டித்தானே கெடந்திச்சு. பெயின்ட் வேலை."

றமீலா துணியைப் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லாத துணியை மறுபடியும் பிழிந்தாள். புவனேந்திரனின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. வெளியே போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இளைஞன் ஜன்னல் திரையை விலக்கினான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கருங்கல் மதில், கூரைக்கு மேலே போயிற்று. பாசி பிடித்த கல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இந்த மதில் எப்ப கட்டினது?"

புவனேந்திரனுக்கு மூச்சு வந்தது. மண்சரிவைப் பற்றிக் கேட்கிறான். இதற்காவது உண்மையைச் சொல்லலாம்.

"வெள்ளைக்காரத் துரை காலத்து மதில் சேர். எந்த மழைக்கும் ஒரு கல்லு அசைஞ்சதில்ல. மண்சரிவுப் பயமே வேணாம்."

"நடுவுல இடிச்சிட்டுத் திரும்பக் கட்டினீங்களா?"

"ஒரு நாளும் இல்ல. சத்தியமா."

"வேற ஜன்னல்?"

"இது ஒண்ணுதாங்க."

இளைஞன் கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். திரையின் நுனி இன்னும் அவன் கையில் இருந்தது. பஸ் கைவிட்டுப் போயிற்று என்று புவனேந்திரனுக்குத் தோன்றியது.

"பஸ்ல வாறவங்களுக்கு இந்த அறையக் குடுக்கவே மாட்டோம் சேர். கம்பெனிக்கு அப்பிடியே சொல்லிடுங்க."

"எந்தக் கம்பெனி?"

புவனேந்திரன் திரும்பி றமீலாவைப் பார்த்தார்.

"எனக்கு மடுல்சீமைப் பக்கம். தோட்டத்து ஸ்கூல்ல படிச்சிக் குடுக்கிறேன்." அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கொரோனா நேரம் என் சம்சாரத்த இந்த ரூம்லதான் வச்சிருந்தாங்க. திரும்பி வரல."

றமீலா வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். புவனேந்திரன் சொன்ன பொய் அறைக்குள்ளேயே நின்றது.

"பொழுது சாய்ஞ்சா எனக்குப் போன் எடுப்பா. எதிர்மலையிலதான் எங்க லயத்து வீடு. அவளுக்காக வாசல் லைட்ட அணைச்சு அணைச்சுப் போடுவேன்."

அவன் மதிலையே பார்த்தான்.

"ஜன்னல்ல தெரியுது, தெரியுதுன்னு சிரிச்சாளே."