திடுக்கிடும் பன்றி

"இதோட மரபணு அப்படிம்மா. தொடையில சதை நல்லாப் பிடிக்கும். ஆனா திடுக்கிட்டா செத்துரும்," என்றார் கால்நடை மருத்துவர். அன்றிலிருந்து செலினா பன்றிக் கொட்டிலுக்குள் செருப்பில்லாமல் போனாள். இருமலை முந்தானைக்குள் அடக்கினாள். பழக்கம் தொற்றிக்கொள்ள, தொலைபேசியில் மகனிடமும் கிசுகிசுத்தாள். "ஒண்ணும் காதுல விழலம்மா," என்றவன் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டான்.

கறிக்கடைக்காரர் வண்டியோடு வந்தார். "பதறினா கறி வெளுத்துத் தண்ணியா ஓடும். நீங்களே ஏத்துங்கக்கா."

வண்டியில் சாய்த்திருந்த பலகைமேல் அவள் முன்னால் நடந்தாள். பன்றி அவள் சேலையை மோந்துகொண்டே அமைதியாக வண்டியேறியது.

வண்டி போனபின் கொட்டிலைக் கழுவப் போனாள். வாளி கைநழுவிக் கல்தரையில் விழுந்து அலறியது. திடுக்கிடுவதற்கு அங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள்.