ஊசித் துளை

அம்மாவின் அறைக் கேமராவைத் திறந்ததும், 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றது பிரவுசர். அந்த எச்சரிக்கையை அவன் முதல் நாளே ஏற்று ஒதுக்கியிருந்தான். இரண்டு வருடமாக அது திரும்ப வந்ததில்லை.

கேமராவை மாட்டிய மச்சானுக்குப் போன் போட்டான்.

“வீட்டுக் கேமராதான மாப்ள, தாண்டிப் போங்க.”

“ஒருதடவ ஒத்துக்கிட்டா மறுபடி வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அப்ப கேமராவோட அடையாளச் சான்றிதழ் புதுசா மாறியிருக்கும். அது உருவான தேதியப் பாருங்க.”

இன்று காலை 11:40 என்றிருந்தது.

“தானா மாறாதே. கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற ரீசெட் துளையில ஊசிய விட்டுப் பத்து செகண்ட் அமுக்குனாத்தான் மாறும். நர்ஸம்மா கைவரிசைதான்.”

அவளைக் கண்காணிக்கத்தான் கேமராவே வைத்தான். ஆனால் அவள் இன்று லீவு. வீட்டுச் சாவி அவன் பையில் இருந்தது. காலையிலிருந்து வாசல் அறையை விட்டு அவன் நகரவில்லை. கேமராவோ ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் இருந்தது. வீட்டில் ஏணி கிடையாது.

உள்ளே போனான். நான்கு வருடமாகப் படுக்கையை விட்டு எழாத அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“யாராவது வந்தாங்களாம்மா?”

“உன்ன விட்டா யாருடா வர்றா?”

தலையணையில் நிமிர்த்திய ஹேர்பின் ஒன்று கிடந்தது. அவன் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தான். அம்மாவின் உள்ளங்கால் இரண்டிலும் சுவர்ச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.