ஒரு கோழி போதும்

காடை கண்ணைத் திறக்கவில்லை.

உள்ளங்கையில் கிடந்தது. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மூக்கில் நீர். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சின்னதாகக் கரகரவென்று ஒரு சத்தம்.

அவன் கட்டைவிரலால் அதன் தலையை ஒருமுறை தடவினான்.

பிறகு கழுத்தைத் திருகினான்.

குழியில் போட்டு மேலே சுண்ணாம்பு தூவினான். மண் தள்ளவில்லை. எப்படியும் நாளைக்கும் தோண்ட வேண்டிவரும்.

ஆண் காடைகள் போன மாதமே தீர்ந்துவிட்டன. மிச்சமிருப்பவை பெட்டைகள். ஆண் இல்லாவிட்டாலும் முட்டை வைக்கின்றன. டவுன் ஓட்டல்காரன் வாங்கிக்கொள்கிறான். வேகவைக்கிறவனுக்குக் குஞ்சு பொரிக்காத முட்டை என்றால் என்ன?

கூண்டுகளுக்கு அடியில் சிந்திய தீவனத்தைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. எல்லாம் கொழுத்துப்போய் இருந்தன. ஒன்றுக்குக்கூடத் தும்மல் கிடையாது.

மருந்துக்கடைக்காரர் போன தடவையும் கத்தினார்.

"ரெண்டையும் ஒரே தோட்டத்துல வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றதுங்க? சளி கோழிகிட்ட இருக்கும். கோழி பாட்டுக்குத் திரியும், காடைதான் சாகும். ஒரு கோழி இருந்தாப் போதும். இத வெச்சுக்குங்க, இல்ல அத வெச்சுக்குங்க."

காடை அவனுடையது. அதில்தான் சோறு.

கோழி அவளுடையது.

அவனை விட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலைத் திறந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கோழிய ஆருக்கும் வித்துராதீங்க. நான் வந்து எடுத்துக்கறேன்."

அதற்கு முன்னால் அன்று பேசியதெல்லாம் தழும்பு. அந்த 'நான் வந்து' மட்டும் வேறு.

அவன் கோழிக்கு ஒரு வாளி, காடைக்கு ஒரு வாளி என்று பிரித்தான். செருப்பை மாற்றினான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். நடுவில் வலை கட்டினான். கோழிகள் வலைக்கு மேலே பறந்து வந்தன.

விற்கவில்லை.

மாட்டுக்கொட்டகை மூலையில் சாம்பல் கோழி வெறுங்கூடையில் அடை உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு முட்டைகூட இல்லை. அடை தெளிய மூக்கில் இறகு செருகுவார்கள். அவள் இருந்தால் செய்திருப்பாள். அவன் காலையில் ஓர் இறகோடு வந்தான். கோழி அசையாமல் பார்த்தது. இறகைக் கீழே போட்டுவிட்டுப் போனான்.

படலுக்கு வெளியே வண்டிச் சத்தம்.

அவன் கையை லுங்கியில் துடைத்தான். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

வந்தது சகலை. அவள் அக்கா புருஷன். மொபெட்டின் பின்னால் பெரிய மூங்கில் கூடை கட்டியிருந்தது.

"அம்மிணிக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு நானே வந்துட்டனுங் சகலை. புடிச்சுக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவேன்."

"அவ வரலீங்களா?"

"எதுக்குங்க?"

அவன் அரிசி எடுத்துவரப் போனான்.

பா பா என்று கூப்பிட்டான். அவள் கூப்பிடுவதுபோல வரவில்லை. ஆனாலும் கோழிகள் வந்தன. கோழிகளுக்கு அரிசி போதும். ஒவ்வொன்றாகக் கால்களைக் கட்டினான். அவை போட்ட கூச்சலில் காடைகள் எம்பி எம்பிக் கூண்டின் மேல்கம்பியில் தலையை முட்டிக்கொண்டன.

சகலை கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாம்பக்கோழின்னு ஒண்ணு சொல்லிச்சே? அது இல்லாம வந்தா ஊட்டுக்குள்ள உடமாட்டேன்னுது."

"தண்ணி குடிச்சுட்டு வாங்க. தொட்டிக்குப் பக்கத்துல கொடம் இருக்குது."

சகலை அந்தப் பக்கம் போனதும் அவன் நடந்தான். பிறகு ஓடினான். காலையில் பொறுக்கிய முட்டைத் தட்டை எடுத்தான். கொட்டகைக்குள் குனிந்து, கோழியின் அடியில் கை நிறைய நிறைய வைத்தான்.

கோழி கொத்தவில்லை. இறக்கையை அகட்டிக் கொடுத்தது.

சகலை மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவன் கொட்டகை வாசலில் நின்றிருந்தான்.

"அது அடையில இருக்குதுங்."

சகலை கோழியின் வாலைத் தூக்கிப் பார்த்தார். புள்ளி புள்ளியாய்ச் சின்ன முட்டைகள். சிரிப்பு வந்துவிட்டது.

"காடை முட்டையா? அதுசெரி! இவ பெத்தது இல்லைன்னு இவளுக்குத் தெரியுமா?"

"காடை அடை உக்காராதுங். கோழிதான் உக்காரோணும்."

"பொரிக்குமா?"

"பொரிக்கும்."

சகலை யோசித்தார். "அடையிலிருந்து தூக்கிட்டுப் போனா அதுக்கும் அம்மிணி என்னையத்தான் பேசும்."

"பொரிச்சதும் சொல்றேன். அவளையே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

சகலை அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு காலி முட்டைத் தட்டைப் பார்த்தார். அது இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"சொல்றனுங்."

மொபெட் மண்பாதையில் இறங்கிப் போனது. கோழிகளின் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கூண்டுகளுக்கு அடியில் தீவனம் சிந்தியபடியே கிடந்தது. கொத்த ஆளில்லை.

காடைக் கூண்டில் ஒன்று தும்மியது.

அவன் திரும்பவில்லை.

வெளியே உருண்டிருந்த முட்டையொன்றைச் சாம்பல் கோழி அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

தண்ணீர்க் கிண்ணத்தை அதற்கு எட்டும்படி நகர்த்தி வைத்தான்.