முளைக்காத கீரை

பாண்டிச்சேரியில் அந்தப் பெரிய அரசுப் பள்ளியின் தோட்டத்தில், வேளாண்மைப் பிரிவுப் பிள்ளைகள் போட்ட பாத்தியிலெல்லாம் கீரை முளைத்திருந்தது. ஆன்மேரியின் பாத்தி மட்டும் மொட்டையாகக் கிடந்தது. மகளைப் பார்க்க மரக்காணத்திலிருந்து வந்த சிலுவைமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை பிராக்டிகல். முளைக்கலேன்னா மார்க் கிடையாது" என்றார் வாத்தியார்.

"தெனம் தண்ணி ஊத்துறேன் சார்!" ஆன்மேரி அழுதாள்.

வாத்தியார் குச்சியால் மண்ணைக் குத்தினார். குச்சி ஒடிந்தது.

"எவனோ பொறாமைல நல்லா மிதிச்சிட்டுப் போயிருக்கான்!"

"பொறாமைங்களா?" சிலுவைமுத்து குழம்பினார். "போன வாரம் வந்தப்போ, இவ கிளாஸ்ல இருந்த நேரத்துல நான்தாங்க சார் மிதிச்சேன். தண்ணி கீழ எறங்கிட்டா, எங்க உப்பளத்துல ஒரு கல்லு உப்புகூட வெளையாதுங்களே!"

ஆன்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.